இருநூறு லிட்டருக்கு ஒரு ஜாடி உறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குள் கிடைத்தது. எல் போல்சோன் என்ற இந்த அயல்நாட்டு மலையூரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்து பிழைக்கிறவனுக்குக் கதை வேறெங்கே கிடைக்கும்? மிர்த்தா டீச்சரின் கார் ஷெட்டில் நிற்கும், எங்கள் பீர் கிளப்பின் பொது ஃப்ரிட்ஜுக்குக் கதவு ரப்பர் மாற்றப் போயிருந்தேன். உள்ளே ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதன் கழுத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில், "ஐலின் கல்யாணம். தொடாதே. தொட்ட கை இருக்காது. இப்படிக்கு, எவரிஸ்தோ" என்று எழுதியிருந்தது. நான் ரப்பரை மாற்றி முடிப்பதற்குள் கிளப் ஆட்கள் இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள். இரண்டு பேருமே என்னைக் கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். போய் நின்றேன்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

[மலையிலிருந்து இறங்கிய பிற்பகல் காற்று, ஹாப்ஸ் கொடித் தோட்டங்களின் மேல் ஒரு பச்சை அலையாக…]

வேண்டாம். காற்று இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டும். வாசகருக்கு அதனால் என்ன லாபம்? இரண்டாவது ஆரம்பம்:

[எவரிஸ்தோ தன் வாழ்நாளில் எதையும் முடித்ததில்லை.]

இது உண்மை. அவன் மகள் ஐலினும் அவனைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வாள். ஆனால் ஒரு மனிதனைக் கதைக்குள் விட்டதுமே தலையில் குட்டுவது நியாயமில்லை என்று அடித்துவிட்டேன். மூன்றாவது ஆரம்பம்தான் நீங்கள் படித்த ஃப்ரிட்ஜ். அதிலும் எனக்குப் பெரிய திருப்தி இல்லை. நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

2

தமிழில் எழுதுவதால் இந்த ஊரில் எனக்கு ஒரு வசதி உண்டு. யாரைப் பற்றி என்ன எழுதினாலும் யாருக்கும் படிக்கத் தெரியாது. இது தெரிந்ததிலிருந்து வீட்டில் பீர் காய்ச்சுகிற எங்கள் கிளப்பில் எனக்குத் தனி மரியாதை. "இந்து*, என்னைப் பத்தி எழுதினா தொப்பைய மட்டும் விட்டுரு" என்று தலைவர் இலாரியோ தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். விட்டுவிட்டேன். இலாரியோவுக்குத் தொப்பை இல்லை.

(* இந்தியாவிலிருந்து வந்த எவனும் இங்கே இந்துதான். என் பெயர் சூசைராஜ். தூத்துக்குடியில் ஞானஸ்நானம் வாங்கியவன். கப்பலை விட்டு இறங்கி இங்கே தங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பாதிரியாரே என்னை இந்து என்றுதான் கூப்பிடுகிறார்.)

வீட்டில் பீர் காய்ச்சாதவர்களுக்காக ஒரு பத்தி. காய்ச்சுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகமாட்டார்கள், தப்பு கண்டுபிடிக்க நின்று படிப்பார்கள். தயிருக்கு உறைமோர் மாதிரி பீருக்கு ஈஸ்ட். ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு சொட்டு மோர் போதும். கல்யாண வீட்டு அண்டாவில் அதே ஒரு சொட்டை விட்டால் காலையில் பால் கெட்டுத்தான் கிடக்கும். பீருக்குக் காய்ச்சும் பார்லிச் சாறும் அப்படித்தான். ஈஸ்ட் குறைவாகப் போனால் அது தின்று பெருகுவதற்குள் கண்ட கிருமிகளும் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும். கடையில் வாங்கும் ஒரு பாக்கெட் ஒரு பானைக்குச் சரி. இருநூறு லிட்டர் என்றால் அந்தப் பாக்கெட்டை முதலில் ஒரு சின்னக் குடுவைச் சாற்றில் வளர்க்க வேண்டும். பிறகு பெரிய குடுவை, அப்புறம் தண்ணீர் கேன். கடைசியில் குளிரில் வைத்து, மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த கெட்டிக் கூழை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். அதைத்தான் நான் உறை என்கிறேன். ஜாடியில் இருந்தது அதுதான்.

[எழுத்தும் அப்படித்தான். சின்னக் கருவைப் பெரிய கதைக்குள்…]

இந்த வாக்கியம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். நான் இதை முதலில் நாவலாகத் திட்டமிட்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கையிலிருந்த உறை சிறுகதைக்கே இழுத்துப் பறித்துத்தான் வந்தது.

3

எவரிஸ்தோ தச்சன். நல்ல தச்சன் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அவன் வீட்டைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள். அவன் வீட்டுக்குக் கூரை பாதிதான். மறு பாதியில் ஐலின் குழந்தையாக இருந்தபோது கட்டிய தார்ப்பாய் கிடக்கிறது. முற்றத்தில் ஒரு படகு நிற்கிறது, அடிப்பக்கம் மட்டும். கோழிகள் அதில்தான் முட்டையிடும்.

ஐலினின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு ஆட்ட மேடை போட்டுத் தருகிறேன் என்று சொன்னான். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அது கல்யாணத்துக்கு அடுத்தபடி பெரிய நாள். பலகையெல்லாம் வந்துவிட்டது, இழைத்தும் வைத்திருந்தான். விருந்தாளிகள் வந்தபோது மேடைக்கு நான்கு கால்கள் இருந்தன, தளம் இல்லை. வெள்ளை கவுன் போட்ட பெண் அப்பாவோடு மண்ணில் ஆடினாள். சிரித்துக்கொண்டேதான் ஆடினாள். கவுனின் ஓரம் முழுக்கச் செம்மண்.

இப்போது அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லவுத்தாரோ தீயணைப்புப் படையில் இருக்கிறான், இந்தக் கதையில் அவனுக்கு வேறு வேலை இல்லை. நிச்சயத்துக்காக ஆட்டைக் கம்பியில் குத்தி நெருப்பருகே நிறுத்தி வாட்டிக்கொண்டிருந்தோம். எவரிஸ்தோ கையில் எலும்போடு ஒரு பெட்டி மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எம்பொண்ணு கல்யாணத்துக்கு பீர் என்னோடது. இருநூறு லிட்டர். நானே காய்ச்சுறேன். வெளியிலேர்ந்து ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது!"

எல்லாரும் கை தட்டினோம். ஐலினும் தட்டினாள்.

"இருநூறா? இருபதுன்னு சொல்லிருக்கலாமே" என்றாள் மிர்த்தா, என் காதருகே. அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். கிளப்பில் மைக்ராஸ்கோப் உள்ள ஒரே ஆள் என்பதால் அவள் சொன்னால் நாங்கள் கேட்போம்.

ஆனால் ஊரே எதிர்பார்க்காதது நடந்தது. எவரிஸ்தோ உறையை ஒழுங்காக வளர்த்தான். செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து விசிறியைக் கழற்றி, அதன் மேல் காந்தம் ஒட்டி, குடுவை நாள் முழுக்கச் சுழலும்படி செய்தான். சாற்றைக் காய்ச்சினான், ஆறவைத்தான், வேளாவேளைக்கு ஊட்டினான். பக்கத்தில் மாத்தே என்ற இலைக் கஷாயக் குடுக்கையோடு உட்கார்ந்து, உறிஞ்சிக்கொண்டே அதனோடு பேசினான். குடுவை சூடாகிறது என்று நினைத்தால் சட்டையைக் கழற்றி நிழல் கட்டினான்.

[இந்தக் குடுவையைப் பார்த்துக்கொண்டதில் பாதி அவன் ஐலினைப் பார்த்துக்கொண்டிருந்தால்…]

இதையும் முடிக்கப் போவதில்லை. முடிக்கிற உரிமை ஐலினுக்குத்தான் உண்டு, அவள் முடிக்கவில்லை.

4

இலாரியோ என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். நிஜத்தில் அவர் கிளப்புக்கென்று மூன்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறார். பாட்டில் மூடி கிடைக்காத மாதங்களிலும் ஸ்டாம்ப் மைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இதைக் கதையில் எழுதினால் மிகை என்பீர்கள். அதனால் ஒரு ஸ்டாம்ப் என்று குறைத்து வாசியுங்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டை விற்கக்கூடாது, கேட்டால் இல்லை என்று சொல்லவும் கூடாது. கேட்காமல் எடுப்பதைப் பற்றி விதி எதுவும் கிடையாது. இவ்வளவு காலமும் தேவைப்படவில்லை.

போன கோடையில் காற்றடித்து மின்கம்பி அறுந்து, கிளப்பின் ஈஸ்ட் மொத்தமும் ஃப்ரிட்ஜிலேயே புளித்துச் செத்தது. அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது. அதோடு, வளர்த்தவன் எவரிஸ்தோ. கடைசி நேரத்தில் அவன் எப்படியும் கெடுத்துவிடுவான், நாம் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணமாவது பிழைக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மிர்த்தா எடுத்தாள். இலாரியோ எடுத்தார். பாக்கி இருந்த பத்துப் பேரும் எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு ஜாம் பாட்டில். ஒருவருக்கொருவர் தெரியாது. எல்லாருமே நல்ல மனசோடுதான் எடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

எடுத்தது மட்டுமென்றால் ஜாடி காலியாவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இவர்களோ சுத்தம் என்றால் உயிரை விடுகிற பீர்க்காரர்கள். எடுத்த அளவுக்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை, கழுவிக் காயவைத்த புனல் வழியாக ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். ஒரு கிருமி உள்ளே போகவில்லை. உலகத்திலேயே இவ்வளவு சுகாதாரமான திருட்டு நடந்திருக்காது.

(நான் எடுக்கவில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதக்கணக்காக ஓடவில்லை. எடுத்து எங்கே வைப்பது?)

5

காய்ச்சுகிற நாள். எவரிஸ்தோவின் முற்றத்தில், கோழிப் படகுக்குப் பக்கத்தில், கிளப்பே கூடியிருந்தது. இருநூறு லிட்டர் சாறு கொதித்து ஆறித் தொட்டியில் நின்றது. ஆறிய சாறு காத்திருக்காது, உடனே உறை விழுந்தாக வேண்டும். மிர்த்தா ஜாடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து லாரியில் கொண்டுவந்தாள். எவரிஸ்தோ மூடியைத் திறந்து சாய்த்தான்.

"என்ன இது, தண்ணியா ஓடுது?"

மிர்த்தா ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நிமிரவில்லை.

"சொல்லு மிர்த்தா."

"ஆளே இல்லடா. காலி பஸ் ஓடுது."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இலாரியோதான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இப்ப எதுக்கு?"

"அடுப்புல ஒண்ணு வெச்சுட்டு வந்துட்டேன்."

அடுத்த நொடியில் எல்லார் வீட்டு அடுப்பிலும் ஏதோ இருந்தது. சைக்கிளும் லாரியுமாகத் தெரு முழுக்கப் புழுதி. எவரிஸ்தோவும் நானும் கோழிகளும் மிஞ்சினோம். அவன் ஜாடியை வெயிலுக்கு எதிரே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், கையில் ஜாம் பாட்டிலோடு. பாட்டில்கள் படகின் விளிம்பில் வரிசையாக ஏறின. எவரிஸ்தோ ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எல்லாருமா எடுத்தீங்க?"

"உனக்காகத்தான்டா எடுத்தோம்" என்றாள் மிர்த்தா. "நீ கெடுத்துட்டா குடுக்கலாம்னு."

"நான் கெடுக்கலையே."

"அதான் இப்பப் பிரச்சினையே."

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. ஒருவர் தன் சொந்தப் பானையில் கொட்டியிருந்தார். ஒருவருடையதில் பூஞ்சை. இலாரியோ வெறும் பாட்டிலோடு நின்றார்.

"எம்பொண்டாட்டி பீட்சா மாவுல கலந்துட்டாப்பா. தயிர்னு நெனச்சிருக்கா."

"பீட்சா எப்படி வந்துச்சு?" என்று எவரிஸ்தோ கேட்டான்.

"உண்மையச் சொல்லட்டுமா? இந்த மாதிரி உப்பி எங்க வீட்ல வந்ததே இல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஐலின் அப்போதுதான் கறி சோமாஸ் மாதிரி எம்பனாதாக்கள் அடுக்கிய தட்டோடு உள்ளே வந்தாள். பாட்டில் வரிசையைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லவேளை, எல்லாரும் எடுத்து வெச்சிருக்கீங்க. நானும் அதே மாதிரி…"

நிறுத்திவிட்டாள். ஆனால் கொஞ்சம் தாமதமாக நிறுத்தினாள்.

"நீயும்?" என்றான் எவரிஸ்தோ.

"பரிலோச்சே ரோட்ல இருக்குற தொழிற்சாலைல பீர் சொல்லி வெச்சிருக்கேன்ப்பா. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"எப்ப சொன்னே?"

மிர்த்தா அவளுக்குக் கண்ணைக் காட்டினாள். ஐலின் பொய் சொல்லிப் பழகாத பெண்.

"நீ பொட்டி மேல ஏறி நின்னு சொன்ன அன்னிக்கேப்பா. கை தட்டிட்டு உள்ள போயி போன் பண்ணேன்."

அவன் முகம் சுண்டிப்போனது.

யாரோ இருமினார்கள். எவரிஸ்தோ பாட்டில்களை ஒன்றாக ஊற்றினான். மிர்த்தா பார்த்துவிட்டு, நூறு லிட்டருக்குப் போதும், இருநூறுக்குப் போதாது என்றாள். சரி என்று தலையாட்டினான். பாதிச் சாற்றில் உறையை விட்டான், மறு பாதியைத் தனியாக மூடினான். மறுநாள் அந்த மறு பாதியைத் திரும்பக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, நுரை பொங்கிக்கொண்டிருந்த முதல் பாதியோடு சேர்த்தான். பெரிய தொட்டிக்குச் சின்னத் தொட்டியே உறை. மிர்த்தாவுக்கும் தெரிந்த வழிதான், அவளுக்கு அன்று தோன்றவில்லை. எவரிஸ்தோ யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. நாங்களாகப் போனபோது கதவையும் திறக்கவில்லை.

6

கல்யாணம் வருகிற சனிக்கிழமை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பீர் தொட்டியிலேயே குளிரில் தெளிந்துகொண்டிருக்கிறது. ருசி எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முடிவுகளை நானே காய்ச்ச வேண்டியிருந்தது.

அ) பீர் அமிர்தமாக வருகிறது. தொழிற்சாலைப் பீப்பாய்கள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. மகள் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள்.

ஆ) பீர் புளித்துப்போகிறது. எவரிஸ்தோ தொட்டியைத் தெருவில் கவிழ்க்கிறான். கோழிகள் தள்ளாடுகின்றன.

இ) ருசி சுமார். எல்லாரும் ஆகா என்கிறார்கள்.

மூன்றையும் மிர்த்தாவுக்கு வாயால் மொழிபெயர்த்துச் சொன்னேன். "முதலாவது விளம்பரம். ரெண்டாவது பாடம். மூணாவது நம்ம கிளப்பு, அது கதையே இல்ல" என்றாள். தூத்துக்குடியில் பத்திரிகை நடத்தும் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் முடிவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. குடியின் தீமையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தான். இதோ சேர்த்துவிட்டேன்: குடி தீமையானது.

7

இன்று காலை ஐலின் என் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டிருந்தேன். உட்கார இடமில்லாமல் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"இந்து, நீதான எங்கப்பாவப் பத்தி எழுதுறே? நான் இப்ப ஒண்ணு பண்ணப் போறேன், அதையும் எழுதிக்கோ. தொழிற்சாலை பீர ரத்து பண்றேன்."

"யோசிச்சியா? புளிச்சிருந்தா?"

"புளிச்சிருந்தா புளிச்ச பீரக் குடிக்கிறோம். அவர் ரெண்டாவது நாள் உக்காந்து கொதிக்கவெச்சாரே, ஜன்னல் வழியாப் பாத்தேன். தெர்மாமீட்டர விட்டுக் கண்ண எடுக்கல. அந்த மனுஷன நான் அப்படிப் பாத்ததே இல்ல."

போனை எடுத்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"எல் போல்சோன், சனிக்கிழமை கல்யாணம், ஐலின்" என்றாள். "ரத்து பண்ணணும்."

"ஒரு நிமிஷம்மா… ம், இருக்கு. எத ரத்து பண்ணணும்? ரெண்டு ஆர்டர் இருக்கே."

"ரெண்டா? நான் ஒண்ணுதானே சொன்னேன்."

"ஒண்ணு உங்க பேர்ல. இன்னொண்ணு எவரிஸ்தோன்னு ஒருத்தர். அதே கல்யாணம், இருநூறு லிட்டர். பொண்ணுக்குத் தெரிய வேணாம்னு குறிப்பு… ஐயோ, நீங்கதான் பொண்ணா?"

ஐலின் வாளியிலிருந்து எழுந்து நின்றாள். "அவர் எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு நாள் முன்னாடிம்மா."

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவள் போன் செய்தது நிச்சய விருந்து நடந்த அன்று. அப்படியென்றால் எவரிஸ்தோ பெட்டி மேல் ஏறி வாக்குக் கொடுப்பதற்கு முந்தின நாளே, இருநூறு லிட்டருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருக்கிறான்.

ஐந்தாம் பகுதியில் "அவன் முகம் சுண்டிப்போனது" என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டும். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மகளுக்குத் தன் மேல் நம்பிக்கையில்லை என்று கேட்டவனின் முகமா அது? தன்னை யாரைவிடவும் தானே முதலில் நம்பாமல் போனவனின் முகமா? இல்லை, இந்த ஒரு தடவையாவது பெண் வெறும் மண்ணில் நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே பலகை அடித்து வைத்தவனின் முகமா? நான் அவனுக்கு எதிரே நின்றிருந்தேன். பார்த்தேன். இருந்தும் தெரியவில்லை.

ஐலின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கிரீஸ் படிந்த என் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னோடத ரத்து பண்ணா, அவர நம்புறேன்னு அர்த்தம். அவரோடத ரத்து பண்ணா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுரும். ரெண்டையும் பண்ணா…" என்று நிறுத்தினாள். "ரெண்டையும் பண்ணா, நானும் அவரும் அந்தத் தொட்டியும்தான். என்ன பண்றது, இந்து? நீதான எழுதுறே, சொல்லு."

"நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன்மா" என்றேன்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றது போன். "எதம்மா ரத்து பண்றது?"

ஐலின் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு மகளாக இருந்திருப்பீர்கள், அல்லது அப்பாவாக. சீக்கிரம் சொல்லுங்கள், அந்தப் பெண் லைனில் காத்திருக்கிறாள்.